ஒலிவியா பென்சன் 1999இல் இருந்த அதே ஆள்தானா? எஸ்.வி.யூ முழுக்கப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாலா_செந்தூல் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ஜனவரியில் முழங்கால் ஆபரேஷன். மூன்று மாதம் படி ஏறி இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களுடையது லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட், நாலாவது மாடி, அதனால் வீட்டை விட்டு எங்கேயும் போக முடியவில்லை. தமிழ்த் தொடர்களை எல்லாம் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள், "நீ காலேஜ்ல படிக்கிறப்ப ஒரு போலீஸ் கதை பாப்பியே, அதைப் போடு" என்றார். அது லா அண்ட் ஆர்டர் எஸ்.வி.யூ, நியூயார்க் போலீசின் பாலியல் குற்றப் பிரிவைப் பற்றிய அமெரிக்கத் தொடர். முதல் சீசனில் இருந்து போட்டேன். அம்மா மலாய்ப் பள்ளியில் படித்தவர், கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துக்கொண்டே பார்ப்பார். முதலில் ராத்திரிக்கு இரண்டு எபிசோட், அப்புறம் மூன்று, பிறகு நான் வேலைக்குப் போன நேரத்திலும் அவரே போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இப்போது கால் சரியாகி பசார் வரைக்கும் நடக்கிறார், ஆனால் பார்ப்பதை மட்டும் விடவில்லை. 16ஆவது சீசனில் இருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் இந்தத் தொடரைப் பல வருசமாக விட்டு விட்டுப் பார்த்தவள். அப்படிப் பார்த்தபோது எதுவும் உறுத்தவில்லை. இப்போது வரிசையாக, ஒரே மூச்சில் பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது. 1999இல், முதல் சீசனில் வரும் துப்பறிவாளர் ஒலிவியா அவசரக்காரி. பாதிக்கப்பட்ட பெண் அழுதால் இவருக்கும் கண் கலங்கும், சந்தேக நபரைப் பார்த்தாலே முகம் இறுகும், அவருடைய அம்மா பாலியல் வன்முறைக்கு ஆளாகி அதில் பிறந்தவர் இவர் என்பதால் ஒவ்வொரு வழக்கும் சொந்த வழக்கு மாதிரி. எட்டாவது சீசனில் தன் டி.என்.ஏவையே கொடுத்துத் தனியாகச் சோதனை செய்ய வைத்து ஒரு தம்பியைக் கண்டுபிடிக்கிறார், விதிமுறையெல்லாம் பார்ப்பதே இல்லை. அதே ஒலிவியா 15ஆவது சீசனில் சார்ஜன் ஆனதும் மற்றவர்களுக்கு விதிமுறை சொல்லிக் கொடுக்கிறார். குரலே வேறாக இருக்கிறது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசுகிறார்.

இதைக்கூட வயசு என்று எடுத்துக்கொள்ளலாம். என்னைக் குடைந்துகொண்டே இருப்பது வேறு. 12ஆவது சீசனில் கால்வின் என்று ஒரு பையன் வருவான், ஞாபகம் இருக்கிறதா? அவனுடைய அம்மா அவனை ஒலிவியாவின் பொறுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒலிவியா அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வார், சாப்பாடு போடுவார், அவனும் ஒட்டிக்கொள்வான். பிறகு அந்த அம்மாவே முடிவை மாற்றி, பையனைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிடுவார். அந்தப் பிரிவுக் காட்சியில் நானும் அம்மாவும் அழுதோம். அதோடு அவன் பேச்சே கிடையாது.

போன வாரம் நோவா கதைக்கு வந்தோம், அந்தக் கைக்குழந்தையை ஒலிவியா வளர்க்க எடுத்துக்கொள்ளும் கதை. எல்லோரும் அவரைப் பார்த்து உனக்குக் குழந்தை வளர்த்துப் பழக்கம் உண்டா என்கிற மாதிரியே பேசுகிறார்கள். அம்மா ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். "ஏன்மா, அப்ப அந்தப் பையன்? அவன ஒரு தடவகூட நினைக்கமாட்டாளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஆள் மாறுவது வேறு, எழுதுகிறவர்கள் மறந்துபோவது வேறு. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இருபது வருசத்துக்கு மேல் ஓடும் ஒரு கதையில் குணம் மாறாமல் இருப்பதைப் பாராட்ட வேண்டுமா, மாறுவதைப் பாராட்ட வேண்டுமா?


மஞ்ச்_ரசிகன் எழுதியது:

குணம் மாறாமல் இருந்த ஆள் வேண்டுமென்றால் ஒலிவியாவின் பிரிவிலேயே இருந்த துப்பறிவாளர் ஜான் மஞ்சைப் பாருங்கள். அந்த ஆள் எஸ்.வி.யூவில் பிறந்தவரே இல்லை. 1993இல் பால்டிமோர் போலீசைப் பற்றிய ஹோமிசைட் தொடரில் வந்தவர். அது 1999இல் முடிந்த கையோடு அதே நடிகர் ரிச்சர்ட் பெல்சர், அதே பெயர், அதே கறுப்புக் கண்ணாடி, அதே விவாகரத்துப் புலம்பலோடு நியூயார்க்கிற்கு இடம் மாறி வந்தார். நடுவில் எக்ஸ்-ஃபைல்ஸிலும் ஒரு எபிசோட், பின்னால் தி வயரில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு காட்சி. எழுதியவர்கள் வேறு, சேனல் வேறு, ஊர் வேறு. ஆனால் எங்கே பார்த்தாலும் அரசாங்கத்தை நம்பாத அதே மனுசன். 2013இல் ஓய்வு பெற்றுப் போகிற வரைக்கும் அப்படியே. பெல்சர் 2023இல் இறந்தபோது எனக்கு ஒரு மாமா இறந்த மாதிரி இருந்தது.

என்னைக் கேட்டால் காரணம் இதுதான். மஞ்சுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, எதையும் நம்பாமல் இருப்பது என்கிற நம்பிக்கை. யார் வந்து எழுதினாலும், எந்த வழக்கைக் கொடுத்தாலும், இந்த ஆள் இதை எப்படிப் பார்ப்பார் என்பது உடனே தெரிந்துவிடும். ஒலிவியாவுக்குக் கொடுத்தது ஒரு காயம். காயம் ஆறும், திறக்கும், ஆறும். அதை வைத்து ஒரே மாதிரி எழுதுவது கஷ்டம்.


பட்டர்வொர்த்_ராணி எழுதியது:

மாலா, உங்கள் அம்மா கேட்ட கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தக் குரல் மாற்றத்தைப் பற்றி.

என் அப்பா போலீசில் இருந்தவர். கோன்ஸ்டபிளாகச் சேர்ந்து சார்ஜன் மேஜராக ஓய்வு பெற்றார், பாதி சர்வீஸ் பினாங்குத் தீவில், பாதி இந்தக் கரையில். சின்ன வயசில் எனக்குத் தெரிந்த அப்பா ஃபெர்ரியில் இருந்து இறங்கும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வருவார், வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு யாரைப் பிடித்தார்கள், எப்படி ஓடினான், எந்தச் சந்தில் மடக்கினார்கள் என்று நடித்தே காட்டுவார். மூன்று கோடு தோளில் ஏறிய பிறகு அந்தக் கதை நின்றுபோனது. வீட்டுக்கு வந்து சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டு, பெல்ட்டின் பித்தளையைத் துணியால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கேட்டால், "பசங்க ரிப்போர்ட் எழுதல, அதான்" என்பார். கீழே பத்துப் பேர் இருந்தால் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் உத்தரவாகிவிடும், அதனால் வார்த்தை குறையும். ஆகவே ஒலிவியா சார்ஜன் ஆனதும் நிறுத்தி நிறுத்திப் பேசுவது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. அதுவும் அது வருவது, 2013இல் வில்லியம் லூயிஸ் என்கிற குற்றவாளி அவரைக் கடத்தி நாள் கணக்கில் வதைத்த கதைக்குப் பிறகு. அதற்கப்புறம் பழைய குரலில் பேசியிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

எனக்கு இடிப்பது வேறு இடத்தில். அவர் சார்ஜன், 17ஆவது சீசனில் லெஃப்டினன்ட், 21ஆவது சீசனில் கேப்டன் என்று ஏறிக்கொண்டே போகிறார். நியூயார்க் போலீசில் இந்த மூன்றுக்கும் பரீட்சை எழுத வேண்டும், சும்மா கிடைப்பதில்லை. ஆனால் கேப்டன் ஆன பிறகும் ஆஸ்பத்திரியில் பாதிக்கப்பட்டவர் கட்டிலுக்குப் பக்கத்தில் முதலில் போய் உட்காருவது அவர்தான், கதவைத் தட்டுவது அவர்தான், விசாரணை அறையிலும் அவர்தான். முன்னால் கேப்டனாக இருந்த கிரேகனைப் பாருங்கள், பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பார், கதவைத் திறந்து "என்ன கிடைத்தது" என்று கேட்பார், மேலிடத்தில் இருந்து வரும் அடியைத் தான் வாங்கிக்கொள்வார். அதுதான் அந்த வேலை. ஒலிவியாவுக்குப் பதவி மாறுகிறது, வேலை மாறவில்லை. முக்கிய நடிகை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் பார்ப்பவர்கள் போய்விடுவார்கள் என்ற பயம்தான், அது எனக்கும் புரிகிறது. ஆனால் இது ஒரு ஆளை மாறவிடாமல் இழுத்துப் பிடித்து வைப்பது. நீங்கள் மாறியதைப் பற்றிக் கேட்கிறீர்கள், எனக்கு மாறாததுதான் குறை.

எங்கள் வீட்டில் கெராக் காஸ் என்கிற மலாய் போலீஸ் தொடர் ஒரு வாரம் தவறியதில்லை. அதுவும் 1999இல் தொடங்கியதுதான், யூசோப் ஹஸ்லாமின் நிறுவனம் அரசு ஒளிபரப்பான ஆர்.டி.எம்முக்காகத் தயாரித்தது. ஆட்கள் வருவார்கள் போவார்கள், அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: மேலதிகாரி உள்ளே வந்தால் கீழே இருப்பவன் எழுந்து நிற்கிறானா. நின்றால் "ம்" என்பார்.

கால்வின் விஷயத்தில் உங்கள் அம்மா பக்கம்தான் நானும். அது மாற்றம் இல்லை, மறதி.


வசனக்காரி எழுதியது:

நான் இங்கே கேஎல்லில் தமிழ் நாடகங்களுக்கு எழுதுகிறேன், 13 எபிசோட், சில நேரம் 20. எஸ்.வி.யூ எங்கே நம்ம வேலை எங்கே என்று தெரியும், ஆனாலும் இந்த மறதி எங்கே இருந்து வருகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முதல் தடவை ஒரு குழுவில் சேர்ந்து எழுதியபோது நாங்கள் மூன்று பேர். கதாநாயகனின் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று இரண்டாவது எபிசோட்டில் நான் எழுதினேன், அதை வைத்துத்தான் மகன் வேலையை விட்டு ஊருக்கு வருகிறான். ஒன்பதாவது எபிசோட்டை இன்னொருவர் எழுதினார். அதில் மகனுக்கு நல்ல சேதி வந்ததும் அந்த அம்மா ஒரு குலாப் ஜாமூனை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். ஷூட்டிங்கில் யாருக்கும் தோன்றவில்லை, எடிட்டிங்கில் தோன்றவில்லை. ஒளிபரப்பான மறுநாள் காலை, எங்கள் தாமான் மளிகைக் கடையில் ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மாவுக்கு இனிப்பு ஆவாதே, மாத்திரை போட்டுச்சா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கவலையாகக் கேட்டார். அன்றைக்கே அந்தக் கடையில் ஒரு 555 நோட்டு வாங்கினேன், கடனுக்குச் சாமான் எழுதுவோமே அந்தச் சின்ன நோட்டு. இப்போது ஒவ்வொரு கதைக்கும் ஒரு நோட்டு. யாருக்கு என்ன வியாதி, யார் யாரை எப்படிக் கூப்பிடுவார், எந்தக் கையில் கடிகாரம், யார் செத்ததை யாருக்கு இன்னும் சொல்லவில்லை, எல்லாம் அதில் இருக்கும்.

எஸ்.வி.யூ போன்ற அமெரிக்கத் தொடரில் ஒரு சீசனுக்கு 22, 23, 24 எபிசோட். ஒரு அறையில் பல பேர் உட்கார்ந்து கதை பேசி, ஆளுக்குச் சில எபிசோட் என்று எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் கடைசியில் ஒரு கையால் திருத்தி ஒரே குரலாக ஆக்குபவர் ஷோரன்னர். தொடரை உருவாக்கியவர் டிக் வுல்ஃப் என்றாலும், தினசரிக் கதைக்குப் பொறுப்பு இந்த ஷோரன்னர்தான். இரண்டாவது சீசனில் இருந்து 12 வரை நீல் பேர் இருந்தார், அவர் படித்த டாக்டர். அதனால்தான் அந்தக் காலத்து எபிசோட்களில் மருத்துவமும் மனநோயும் அவ்வளவு வரும், ஒலிவியாவோடு ஜோடியாக வேலை செய்த எலியட்டின் அம்மாவுக்கும் மகளுக்கும் பைபோலார் மனநோய் என்கிற கதை எல்லாம் அந்தக் காலம்தான். 13இல் வாரன் லைட் வந்தார், அவர் நாடக மேடையில் இருந்து வந்தவர், அவர் கையில் ஒலிவியாவின் சொந்த வாழ்க்கை முன்னால் வந்தது. அவர் 17ஓடு போனார், அடுத்தடுத்து வேறு இருவர் வந்தார்கள், 21இல் லைட்டே திரும்ப வந்தார், பிறகு மறுபடியும் கை மாறியது.

இப்போது மாலா சொன்ன கணக்கைப் பாருங்கள். கால்வின் வந்தது 12ஆவது சீசன், நீல் பேரின் கடைசி வருசம். நோவா வந்தது அடுத்தவர் காலம். நடுவில் வீடு கைமாறியிருக்கிறது. புது ஆள் வந்ததும் முதலில் செய்வது பழைய ஆளின் சாமானை ஓரம்கட்டுவது. அந்த அறையில் யாரிடமாவது ஒரு 555 நோட்டு இருந்து, "கால்வின்: வீட்டில் வைத்திருந்தார், பறிகொடுத்தார்" என்று ஒரு வரி இருந்திருந்தால், நோவா கதையில் ஒலிவியா ஒரே ஒரு வசனம் பேசியிருப்பார். "நான் ஒரு தடவை இப்படி நம்பி ஏமாந்திருக்கிறேன்." அவ்வளவு போதும். அந்தக் காட்சி இரண்டு மடங்கு கனமாகியிருக்கும். எழுதுகிறவளாக எனக்கு வயிறு எரிவது அங்கேதான், கையில் இருந்த பொன்னை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஒன்று சொல்கிறேன். நம்ம தமிழ்த் தொடர்களில் நடிகர் மாறினால் "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுதிப் போடுவார்கள், மறுநாளில் இருந்து புது முகம், ஆனால் மருமகள் மருமகளாகவே பேசுவாள், நாமும் இரண்டு நாளில் பழகிக்கொள்வோம். அங்கே மாரிஸ்கா ஹார்கிடே என்கிற ஒரே முகம் முதல் எபிசோட்டில் இருந்து இருக்கிறது, பின்னால் எழுதுகிற ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். அதற்கு யாரும் கார்டு போடுவதில்லை. உங்கள் அம்மா அந்தக் கார்டைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.


மாலா_செந்தூல் எழுதியது:

வசனக்காரி அக்கா, அந்தப் பாட்டி கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பாட்டி கேட்டது நியாயம்தானே" என்றார்.

ஷோரன்னர் மாறியதால் என்பது காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மன்னிப்பாகுமா என்று தெரியவில்லை. அப்புறம் எலியட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? முதல் சீசனில் நாலு பிள்ளைகளுக்கு அப்பா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட நினைக்கிற மனுசன், ஒலிவியாவை அடக்கி நிதானப்படுத்துகிறவர். போகப் போகச் சுவரைக் குத்துகிறார், லாக்கரைக் குத்துகிறார், சந்தேக நபர் கழுத்தைப் பிடிக்கிறார். இரண்டு பேரும் குணத்தை மாற்றிக்கொண்ட மாதிரி இருக்கிறது.


மஞ்ச்_ரசிகன் எழுதியது:

எலியட் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் சீசனின் கடைசி எபிசோட்டைத் திரும்பப் பாருங்கள். பிரிவில் இருக்கும் எல்லோரையும் மனநல மதிப்பீட்டுக்கு உட்கார வைப்பார்கள். அங்கே எலியட், குற்றவாளிகளைக் கொல்வதாகத் தன் மனசில் ஓடுவதை ஒத்துக்கொள்வார். அதுவும் முதல் வருசத்திலேயே! விதை அங்கே விழுந்துவிட்டது, 11 வருசம் கழித்து அது அறுவடைக்கு வருகிறது, ஸ்டேசனுக்குள்ளேயே துப்பாக்கியோடு நிற்கும் ஒரு பதின்ம வயசுப் பெண்ணைச் சுட வேண்டி வருகிறது. அதோடு போய்விடுகிறார். வெளியே காரணம் கிறிஸ்டோபர் மெலோனியின் ஒப்பந்தப் பேச்சு முறிந்தது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதைக்குள் அது பொருந்தியது.


பழைய_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம் 2007இல் வருவதற்கு முன்பிருந்தே இருந்தேன். இந்தத் தொடரை என் மகள் பார்ப்பாள், கூட உட்கார்ந்து நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். மாலா கேட்ட கேள்வி என் வேலையிலேயே தினமும் வந்த கேள்வி, அதனால் சொல்கிறேன்.

சாட்சி போலீசில் கொடுத்த வாக்குமூலமும் கூண்டில் ஏறிச் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். "அன்று சட்டை நீலம் என்றாய், இன்று பச்சை என்கிறாய்." ஆனால் அனுபவப்பட்ட நீதிபதிகளுக்கு ஒன்று தெரியும். இரண்டு மூன்று வருசம் கழித்து வந்து, அன்றைக்குச் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே ஒப்பிக்கிற சாட்சியைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையாக அனுபவித்தவருக்குச் சட்டை நிறம் மாறும், மணி மாறும், எந்தக் கடைக்குப் போனோம் என்பது மாறும். அவருக்கு வலித்த இடம் மாறாது. அந்த இடம் வரும்போது எத்தனை வருசம் ஆனாலும் அதே இடத்தில் நிறுத்துவார், அதே இடத்தில் தண்ணீர் கேட்பார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவன், அந்த நிறுத்தத்தை மொழிபெயர்க்க முடியாது, நீதிபதி அதை நேரே பார்த்துக்கொள்வார்.

இதை வைத்துத்தான் நான் கதாபாத்திரத்தையும் பார்க்கிறேன். ஒலிவியா முன்னால் விதியை மீறினார், பின்னால் விதி பேசுகிறார், அது சட்டை நிறம். எலியட் முன்னால் பொறுமை, பின்னால் கோபம், அதுவும் ஓரளவுக்குச் சட்டை நிறம்தான், மஞ்ச் ரசிகன் தம்பி சொன்ன மாதிரி அடியில் இருந்தது மேலே வந்திருக்கிறது. ஆனால் கால்வின் வலித்த இடம். குழந்தை வேண்டும் என்று பல வருசமாக ஏங்கிய ஒரு பெண், கையில் கிடைத்த பிள்ளையை ஒருநாள் பறிகொடுக்கிறார். அந்த இடம் வரும்போது அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை என்றால் அந்தச் சாட்சியம் பொய்யாகிவிடுகிறது. உங்கள் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுவர் வழக்குகளில் அடிக்கடி வரும் ஒரு பெண் அதிகாரி. போலீசில் டி11 என்று பாலியல், பெண்கள், குழந்தைகள் வழக்குகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அவர் அதில் இருந்தார். முதலில் பார்த்தபோது இளம் இன்ஸ்பெக்டர். பிள்ளை சாட்சி சொல்லத் திணறினால் இவர் முகம் சிவந்துவிடும், வெளியே காரிடாரில் போய் வேகமாக நடந்துவிட்டு வருவார். வழக்குக் கோப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பார், ஒரு கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல. பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து அதே அதிகாரி பதவி உயர்ந்து வந்தார். அதற்குள் 2007 சிறுவர் சாட்சியச் சட்டம் வந்துவிட்டது, பிள்ளை கூண்டில் ஏற வேண்டியதில்லை, திரைக்குப் பின்னால் அல்லது வேறு அறையில் இருந்து நேரலையில் சொல்லலாம். அந்த அம்மையார் இப்போது அவசரப்படுவதே இல்லை. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, முதலில் பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறாய் என்று விசாரிப்பார். நடையே வேறு, குரலே வேறு. முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்புறம் எழுந்து உள்ளே போகும்போது கோப்பை எடுத்தார், நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். அப்போது தெரிந்துவிட்டது.

எலியட் 2021இல் திரும்பி வந்த எபிசோட்டில் எனக்கு அது இருந்தது. வந்த உடனே அவர் மனைவி கேத்தி கார் வெடிப்பில் போய்விடுகிறார். ஒலிவியா அந்த வேளையிலும் கோபத்தை விழுங்கவில்லை, சொல்லாமல் போனாயே என்று கேட்டுவிடுகிறார். அவரோ உன் குரலைக் கேட்டிருந்தால் போயிருக்க முடியாது என்கிறார். நடுவில் பத்து வருசம், ஆனால் 13ஆவது சீசனின் முதல் எபிசோட்டில் தனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுத அதே பெண்தான் அங்கே நின்றார். அந்த இடத்தை மறக்கவில்லை. ஆகவே அவர்களுக்கு ஞாபகம் வைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. வேண்டும் என்று நினைத்ததை வைத்திருக்கிறார்கள். கால்வினை வேண்டும் என்று நினைக்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.


பட்டர்வொர்த்_ராணி எழுதியது:

ஐயா, அந்தக் கோப்பைப் பற்றிப் படித்துவிட்டு அப்பாவின் பெல்ட் ஞாபகம் வந்துவிட்டது. சத்தமாகப் பேசிய காலத்திலும் பித்தளையைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். அது மட்டும் கடைசி வரை மாறவில்லை.

அதே பிரிவில் இருக்கும் துப்பறிவாளர் ஃபின்னையும் சொல்ல மறந்துவிட்டோம். 2000இல் போதைப்பொருள் பிரிவில் இருந்து வந்த முரட்டு ஆள், மகன் தான் தன்பாலின ஈர்ப்புள்ளவன் என்று சொன்னபோது தடுமாறிய அப்பா, பிறகு அதே மகனுக்கு ஒரு பிள்ளை பிறந்ததும் தாத்தாவாகப் பூரித்துப்போகிறார். ஆனால் பேச்சு மட்டும் அதே இரண்டு வரி. எனக்கு அந்தத் தொடரிலேயே ஒழுங்காக வயசான ஆள் அவர்தான்.


மாலா_செந்தூல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதை நான் இரண்டு தடவை படித்தேன், அம்மாவுக்குச் சத்தமாக ஒரு தடவை. கோப்பை நெஞ்சோடு பிடித்த இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனிமேல் பார்க்கும்போது எது சட்டை நிறம், எது வலித்த இடம் என்று பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன். நேற்று ராத்திரி 16 முடிந்தது, நீதிமன்றத்தில் நோவாவைச் சட்டப்படி ஒலிவியாவின் பிள்ளை என்று ஆக்கிவிட்டார்கள். அம்மா கைதட்டினார். பிறகு டிவியை அணைத்துவிட்டு, படுக்கப் போகாமல் உட்கார்ந்துகொண்டு விரல் விட்டு எண்ணினார். "அவன் வந்தப்ப பத்துப் பன்னெண்டு வயசு இருக்கும், அது 2010. இப்ப இருபத்தஞ்சு தாண்டியிருப்பான். கல்யாணம்கூட ஆகியிருக்கும்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.